பட்டினி கிடக்காத செல்கள்

8 செப்டம்பர் 2016, வியாழன்

மழை. ஜன்னலை மூடியும் காலிஃபிளவர் வயல் வாசம் உள்ளே வருகிறது.

மாதிரிகள் ஒருவழியாக ஜெர்மனியின் கீல் நகரத்துக்குக் கிளம்பிவிட்டன. அங்கே ஆய்வு செய்யும் வீப்கேவை நான்தான் விடாமல் கேட்டுச் சம்மதிக்க வைத்தேன். அவளிடம் இருக்கும் கருவி, ஒரு செல்லின் சவ்வில் என்னென்ன கொழுப்பு இருக்கிறது என்று பிரித்துச் சொல்லிவிடும். இங்கே, எங்கள் கடல் ஆய்வு நிலையத்தில், அந்த வசதி இல்லை.

வளர்ப்பறையைப் பார்த்துக்கொள்ளும் ஆர்மெல்தான் பெட்டியில் உலர்பனி நிரப்பி நாடா ஒட்டினாள். ஒட்டிக்கொண்டே, இது அவசியமா சோவா என்று கேட்டாள். வேலைப்பளுவைச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டு, அவசியம்தான் என்றேன்.

சனிக்கிழமை ஊர்க்காரர்கள் நிலையத்தைப் பார்க்க வருகிறார்கள். அவர்களிடம் எப்படிச் சொல்வது என்று இங்கேயே எழுதிப் பார்க்கிறேன்:

பாஸ்பரஸ் இல்லாமல் எந்த உயிரும் இல்லை. மரபணுவுக்கு வேண்டும், செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வுக்கும் வேண்டும். கரையோரத்தில் ஆறுகள் கொண்டுவந்து கொட்டுவதால் குறையில்லை. நடுக்கடலில், கோடையில், கிட்டத்தட்ட இல்லவே இல்லை. அங்கே இருக்கும் நுண்ணுயிர்கள் என்ன செய்கின்றன? சவ்வில் இருக்கும் பாஸ்பரஸ் கொழுப்பைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் கந்தகக் கொழுப்பை வைத்துக்கொள்கின்றன. கடல்நீரில் கந்தகத்துக்குப் பஞ்சமே கிடையாது. மிச்சம் பிடித்த பாஸ்பரஸ் மரபணுவுக்கு. பஞ்சத்தில் குடும்பம் நடத்துகிற மாதிரிதான். நாங்கள் ஒரு பச்சை உயிரியைப் பல ஆண்டுகளாக அப்படிப் பட்டினியில் வளர்த்து வருகிறோம். அது பழகிக்கொண்டுவிட்டது. பசி தெரியாதது போல வளர்கிறது. எப்படி என்பதுதான் கேள்வி.

கடைசி வரியில் வழக்கம்போல மயிர்க்கூச்செறிகிறது. அந்த உயிரிக்குப் பென்கலெத் என்று பெயர் வைத்தது ஆர்மெல். எங்கள் ஊர்ப் பேச்சில் பிடிவாதக்காரி என்று அர்த்தம்.

11 செப்டம்பர், ஞாயிறு

ஆர்மெல்லோடு நீந்தினேன். தண்ணீர் இன்னும் சூடு குறையவில்லை. வந்தவர்கள் எல்லாரும் பென்கலெத்தைப் பற்றித்தான் கேட்டார்களாம், உன் பேச்சு நன்றாக இருந்தது என்றாள். பிறகு வெகு தூரம் தனியாக நீந்திப் போய்விட்டாள்.

27 செப்டம்பர், செவ்வாய்

வீப்கே எழுதியிருக்கிறாள். மரியாதையாக, சுற்றி வளைத்து. குழாய்கள் மாறிவிட்டனவா என்று கேட்கிறாள். பட்டினி வரிசை என்று பெயர் எழுதி வந்த செல்களின் சவ்வு முழுக்கப் பாஸ்பரஸ் கொழுப்பு. கந்தகக் கொழுப்பு பெயருக்குத்தான் இருக்கிறது. 'இவை நன்றாகச் சாப்பிட்ட செல்கள், சோவாசிக்' என்று முடித்திருக்கிறாள்.

ஆர்மெல்லிடம் காட்டினேன். ஜெர்மன்காரியின் கருவியில் கோளாறு இருக்கும் என்றாள்.

வீப்கேவின் கருவியில் கோளாறு இருந்தால் வீப்கேவுக்கு முதலில் தெரியும்.

28 செப்டம்பர், புதன்

குழாய்கள் மாறவில்லை. உறைபெட்டியில் எடுத்து வைத்திருந்த நகல் குழாய்களையும் அவற்றின் எண்களையும் சரிபார்த்தேன்.

பாட்டில் கழுவும் சோப்பில் பாஸ்பேட் இருக்கிறதா? எங்கோ கசிகிறது. அமிலத்தில் ஊறப்போடாமல் கழுவியிருந்தால்? கழுவுவது ரோசென். என்னிடம் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது, மூன்றாவது வருடம் தொடங்கப் போகிறது. அவளுடைய ஆய்வே பென்கலெத்தின் மேல்தான். எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன். முகம் சிவந்துவிட்டது. "நான் ஊறப்போடாம ஒரு பாட்டில்கூட எடுத்ததில்ல, மதாம்," என்றாள். 

ஆர்மெல் பக்கத்திலேயே நின்றிருந்தாள். கையிலிருந்த சீட்டுகளைக் குழாய்களில் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

30 செப்டம்பர், வெள்ளி

சோப்பு காரணமில்லை. வளர்ப்பு நீரில் கலக்கும் உப்பும் இல்லை. குடுவைகளில் உள்ள நீரை அளந்தேன், பாஸ்பேட் இல்லை. வாராவாரம் வியாழக்கிழமை அளக்கிறோமே, அதே பூஜ்யம்தான்.

பிறகுதான் தோன்றியது. பட்டினியில் இருக்கும் செல்லுக்குத் திடீரென்று பாஸ்பேட் கிடைத்தால் விழுந்தடித்துக்கொண்டு எடுக்கும், சில மணி நேரத்தில் நீரைத் துடைத்து வைத்ததுபோல ஆக்கிவிடும். தேவைக்கு மேல் எடுத்ததை உள்ளே மணி மணியாகச் சேர்த்து வைக்கும். அப்படியானால் நீரில் தேடுவது வீண். செல்லுக்குள் தேட வேண்டும்.

சாயம் போட்டு நுண்ணோக்கியில் பார்த்தேன். அந்த மணிகள் மஞ்சள் மஞ்சளாக மின்னுகின்றன. ஒவ்வொரு செல்லிலும். பஞ்சத்தில் சாகிறோம் என்று ஊரைக் கூட்டியவன் வீட்டுப் பரணில் மூட்டை மூட்டையாகத் தானியம்.

கசிவு இப்படி இருக்காது. கசிவு என்றால் கொஞ்சம் கொஞ்சமாக எப்போதும் இருக்கும். இது மொத்தமாகக் கொட்டுவது. பிறகு நிறுத்துவது. பிறகு மறுபடி கொட்டுவது.

1 அக்டோபர், சனி

யாரோ ஊட்டுகிறார்கள்.

3 அக்டோபர், திங்கள்

ஒரு குடுவையில் பென்கலெத்தைப் பிரித்து எடுத்துக்கொண்டுபோய் மீன் பிரிவுக் கட்டடத்தில் இருக்கும் பழைய வளர்ப்புப் பெட்டியில் வைத்தேன். அதே நீர், அதே வெளிச்சம். சாவி என்னிடம்.

ஆர்மெல்லிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதை எழுதப் பிடிக்கவில்லை.

8 அக்டோபர், சனி

எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

வளர்ப்பறை ஆர்மெல்லுடையது. பதினேழு வருடமாக. ஒரே மேசையில் ஆரம்பித்தோம், நான் அளக்க, அவள் வளர்க்க. அவள் கை பட்டால் செத்தது பிழைக்கும் என்பார்கள். போன வருடம் நிலையத்தின் மொத்த உயிரிச் சேகரிப்புக்கும் அவளைத் தலைவியாக்கினார்கள், பென்கலெத்தைப் பற்றிய எங்கள் கட்டுரை வந்த கையோடு. நான்தான் சிபாரிசு செய்தேன். எனக்கு மார்பில் கட்டி வந்த குளிர்காலத்தில் மருந்து ஏற்ற ஒவ்வொரு முறையும் ப்ரெஸ்ட் நகர மருத்துவமனைக்குக் கார் ஓட்டியது அவள். வாந்தி எடுத்த வாளியைக் கழுவியது அவள். என் தங்கை தூலூஸிலிருந்து தொலைபேசியில் அழுதுகொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

இப்படிப்பட்டவளைச் சந்தேகப்படுகிற நான் யார்?

14 அக்டோபர், வெள்ளி

என் பெட்டிக்குள் இருந்த குடுவை வெளுத்துவிட்டது. செல்கள் அடியில் படிந்து கிடக்கின்றன. தொட்டு அசைத்தால் புகைபோல எழுந்து மறுபடி விழுகின்றன.

ஆர்மெல்லின் அறையில் இருப்பவை பச்சைப் பசேலென்று.

17 அக்டோபர், திங்கள்

எட்டரைக்கு வளர்ப்பறைக்குப் போனேன். முதுகைக் காட்டி நின்றிருந்தாள், கையில் பிப்பெட். பென்கலெத் குடுவைகள் திறந்திருந்தன. கதவுச் சத்தம் கேட்டிருக்கும். திரும்பவில்லை. மீதி இருந்த குடுவைகளுக்கும் சொட்டு விட்டாள், ஒவ்வொன்றாக மூடினாள், கையுறையைக் கழற்றினாள். பிறகுதான் திரும்பினாள்.

"கதவ மூடு, சோவா. குளிர் வெளிய போகுது."

மூடினேன்.

"எத்தன நாளா?"

"ரெண்டரை வருஷத்துக்கு மேல. உனக்கு மருந்து ஏத்துன அந்த பிப்ரவரிலேர்ந்து."

சொன்னாள். தயங்காமல், எப்போதோ மனப்பாடம் செய்து வைத்ததுபோல. அந்த வார இறுதியில் அறையின் குளிரூட்டும் இயந்திரம் நின்றுவிட்டது. விளக்குகள் மட்டும் எரிந்துகொண்டே இருந்தன. எச்சரிக்கைத் தொலைபேசி அன்று அவள் பொறுப்பு. கெம்பேரில் அவளுடைய அக்கா மகள் கல்யாணம், ஆட்டம் பாட்டு, தொலைபேசி கோட்டுப் பைக்குள், கோட்டு எங்கோ ஒரு நாற்காலியில். திங்கட்கிழமை வந்து பார்த்தால் அறை அடுப்பாகக் கிடந்ததாம். பென்கலெத் மொத்தமும் செத்துப்போயிருந்தது. எத்தனையோ வருடப் பட்டினி. இன்னோர் அறையில் ஒரு நகல் வைத்திரு என்று நான் சொல்லியிருந்தேன். வைத்திருந்தாள், பிறகு விட்டுவிட்டாள்.

சேகரிப்பிலிருந்து, பட்டினி போடாமல் சாப்பாடு போட்டு வளர்த்த அதே இனத்தின் அக்காள் வரிசையை எடுத்து, பென்கலெத் என்று எழுதி வைத்திருக்கிறாள். பட்டினி நீரில் அவை வெளுக்க ஆரம்பித்தன. ஒரு சொட்டு பாஸ்பேட் விட்டாள். பிறகு வாராவாரம் ஒரு சொட்டு.

"அன்னைக்கே உன்ன ப்ரெஸ்டுக்குக் கூட்டிட்டுப் போகணும். கார்ல ஏறி உக்காந்ததும் நீ என்ன கேட்ட தெரியுமா? பென்கலெத் எப்படி இருக்கான்னு கேட்ட. தலையில ஒரு முடி இல்ல உனக்கு. உன்கிட்ட நான் என்னடி சொல்லணும்?"

"சரி. அன்னைக்குச் சொல்ல முடியல. அப்புறம்? முடி வளந்துச்சே, ஆர்மெல்."

குடுவைகளை வரிசைப்படுத்தினாள், ஏற்கெனவே வரிசையாக இருந்தவற்றை.

"கட்டுரை வந்துடுச்சு," என்றாள் கடைசியில். "எல்லாரும் கை தட்டிட்டாங்க. நீ வேற அவ்வளவு சந்தோஷமா இருந்த. அதுக்கப்புறம் எங்க நிறுத்தறது, சொல்லு."

18 அக்டோபர், செவ்வாய்

வேலைக்குப் போகவில்லை. நான் எதை நம்பிப் பிழைத்து வந்தேன் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். நினைவிருக்கிறது. கார் ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு, பென்கலெத் எப்படி இருக்கா என்று கேட்பேன். அவள் சாலையைப் பார்த்துக்கொண்டே, 'நல்லா இருக்கா, உன்ன விட நல்லா இருக்கா' என்பாள். இருவரும் சிரிப்போம். என் உடம்பு என் பேச்சைக் கேட்காத மாதங்கள் அவை. எங்கோ ஒரு குடுவையில் ஒன்றுமே இல்லாமல் ஒன்று உயிரோடு இருக்கிறது என்பதைப் பிடித்துக்கொண்டுதான் கிடந்தேன். அது அப்போதே செத்துப்போயிருந்தது.

அவள் என்னைக் காப்பாற்றினாளா? ஏமாற்றினாளா? இரண்டும் என்று சொல்வது சுலபம். ஆனால் கட்டுரையில் அவள் பெயர் என் பெயருக்கு அடுத்து இருக்கிறது. பதவி ஏற்றுக்கொண்டபோது ஷாம்பெயின் ஊற்றினாளே, என் கோப்பையில் முதலில் ஊற்றினாளே. அது யாரைக் காப்பாற்ற?

ரோசெனைத் திட்டினேனே. பக்கத்தில் நின்றாளே. வாயைத் திறக்கலையே பாவி.

20 அக்டோபர், வியாழன்

ஆர்மெல் வீட்டுக்கு வந்தாள். வெண்ணெய் கேக் கொண்டுவந்திருந்தாள், வெட்டவில்லை. நானே போய் நிர்வாகத்தில் சொல்கிறேன், ஒரு வாரம் கொடு, அம்மாவிடம் முதலில் சொல்ல வேண்டும் என்றாள். அவளுடைய அம்மாவுக்கு இந்த மகள்தான் உலகம்.

கொடுத்தேன்.

25 அக்டோபர், செவ்வாய்

இயக்குநர் ப்ரிஜான் கூப்பிட்டனுப்பினார். காபி வரவழைத்தார். அவர் காபி வரவழைத்தால் நல்ல செய்தி இருக்காது.

ஆர்மெல் நேற்று வந்து எல்லாம் சொல்லிவிட்டாளாம். நானும் தலையாட்டினேன், நல்லது, சொல்லிவிட்டாள் என்று. அவர் கோப்பையைத் தட்டில் வைத்துவிட்டு, தட்டையே பார்த்துக்கொண்டு பேசினார்.

"ரெண்டு பேரும் சேந்து எடுத்த முடிவுன்னு சொல்றாங்க, மதாம். வரிசை செத்துப்போனது உங்களுக்கு அப்பவே தெரியும், மாத்தி வைக்கலாம்னு சொன்னதே நீங்கதான்னு."

நான் சிரித்திருக்க வேண்டும். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"உங்க மேல கோபமா ஒண்ணும் சொல்லல அவங்க. நீங்க அப்ப கடுமையான சிகிச்சையில இருந்தீங்க, அதனால மறந்துபோயிருக்கலாம்னுதான் சொன்னாங்க."

மறந்துபோயிருக்கலாம்.

உண்மையைச் சொன்னால், ஒரு நிமிடம் நானே என்னைச் சந்தேகப்பட்டேன். அந்த மருந்து மூளையில் பஞ்சை அடைத்து வைக்கும். அடுப்பில் வைத்ததை மறந்திருக்கிறேன், தங்கையின் பிறந்தநாளை மறந்திருக்கிறேன். ப்ரெஸ்டிலிருந்து திரும்பும் வழியில், பாதி மயக்கத்தில், சரி மாற்றி வை என்று சொல்லியிருப்பேனோ? அந்தச் சாலை முழுவதையும் மனதில் ஓட்டிப் பார்த்தேன், ப்ரிஜானின் மேசைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு.

இல்லை. சொல்லவில்லை. அவளுக்கு மட்டும்தான் தெரியும் எனக்கு எது எது மறந்தது என்று. கூடவே இருந்தவள். அதை வைத்துத்தான் அடித்தாள்.

26 அக்டோபர், புதன்

கேக்கைக் குப்பையில் போட்டேன். தொடவே இல்லை அதை.

27 அக்டோபர், வியாழன்

ரோசெனிடம் சொன்னேன். முதலில் மன்னிப்புக் கேட்டேன், பாட்டில் விஷயத்துக்கு. பிறகு மீதி.

அழுவாள் என்று பயந்தேன். அழவில்லை. அவளுடைய கணினியில் இருக்கும் எண்கள் எல்லாம் என்ன ஆகும் என்று கேட்டாள். எதுவும் ஆகாது, எதற்கும் உதவாது என்றேன். திங்கட்கிழமை சாப்பிட்டுவிட்டு வியாழக்கிழமை அளவுக்கு நின்ற செல்களைத்தான் அவள் இரண்டு வருடம் அளந்திருக்கிறாள்.

"நீங்க ரெண்டு பேரும் சிநேகிதிங்க," என்றாள். "அந்தச் சிநேகத்துக்கு என் ரெண்டு வருஷம் போச்சு."

மேசையில் இருந்த பொருள்களைப் பைக்குள் வைத்தாள். நான் தடுக்கவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு தடுப்பது.

1 நவம்பர், செவ்வாய்

புனிதர் நாள். எல்லார் கையிலும் சாமந்திப் பூந்தொட்டி. அப்பாவின் கல்லறையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது இரண்டு வரிசை தள்ளி ஆர்மெல்லும் அவளுடைய அம்மாவும். அம்மா என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார், எப்போதும்போல. ஆக, அவரிடம் இன்னும் சொல்லவில்லை. அந்த ஒரு வாரம் எதற்கு வாங்கினாளோ.

15 நவம்பர், செவ்வாய்

வெளியிலிருந்து மூவர் குழு விசாரிக்கப் போகிறதாம். அதுவரை யாரும் யாரிடமும் பேசக் கூடாது என்று உத்தரவு. சாப்பாட்டுக் கூடத்தில் ஏற்கெனவே யாரும் பேசுவதில்லை. நான் தட்டை வைத்தால் அந்த மேசையில் எல்லாருக்கும் திடீரென்று வேலை வந்துவிடுகிறது. ரொட்டிக்கடையில் இருப்பவள் ஆர்மெல்லின் ஒன்றுவிட்ட தங்கை. சில்லறையைக் கையில் கொடுக்காமல் மேடையில் வைக்கிறாள்.

கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும் என்று பத்திரிகைக்கு எழுதிவிட்டேன். ப்ரிஜானுக்கு அதில் விருப்பமில்லை. திருத்தம் என்று ஒரு பத்தி போட்டால் போதாதா என்றார். எதைத் திருத்துவது? செல்லே வேறு செல்.

6 டிசம்பர், செவ்வாய்

விசாரணை.

நீண்ட மேசை, தண்ணீர்ப் போத்தல்கள். தலைமை வகித்தது ரென் நகரத்திலிருந்து வந்த ஒரு வயதான வேதியியல் பேராசிரியை. என்னிடம் ஒரு மணி நேரம் கேட்டார்கள். எனக்குத் தெரியாது என்பதற்கு என்ன ஆதாரம்? தெரியாததற்கு ஆதாரம் எங்கே போய் வாங்குவது.

பிறகு திரையில் வீப்கே வந்தாள். அவளுடைய பிரெஞ்சு சுமார்தான். தன் கருவி கண்டதைச் சொன்னாள். கடைசியில், யாரும் கேட்காமலே, இதையும் சொன்னாள்:

"மாதிரி அனுப்பறேன் அனுப்பறேன்னு இவங்கதான் ஒரு வருஷமா என் பின்னாலயே வந்தாங்க. எனக்கு நேரமில்லன்னு தட்டிக் கழிச்சேன். இது தெரிஞ்சவங்க எதுக்கு என்கிட்ட அனுப்பணும்? அந்தக் கொழுப்பு பொய் சொல்லாதுன்னு உலகத்துல யாருக்கும் தெரியறதுக்கு முன்னால இவங்களுக்குத் தெரியுமே."

பேராசிரியை ஆர்மெல் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவே இல்லை. உங்கள் சிநேகிதியைப் பார்த்து, இவளுக்குத் தெரியும் என்று இன்னொரு முறை சொல்ல முடியுமா என்று கேட்டார்.

ஆர்மெல் என்னைப் பார்த்தாள். அக்டோபருக்குப் பிறகு முதல்முறையாக நேருக்கு நேர். இளைத்திருந்தாள்.

"தெரியாது," என்றாள். "அவளுக்குத் தெரியாது. ஆனா தெரிஞ்சிருக்கணும். பதினேழு வருஷத்துல ஒரே ஒரு தடவ என் வேலைய அவ சரிபாத்திருந்தா, எனக்கு இது நடந்திருக்காது."

எனக்கு இது நடந்திருக்காது, என்றாள். *அவளுக்கு.*

7 டிசம்பர், புதன்

நம்பியது என் தப்பாம். கேட்டுக்கொள்கிறேன். இவளை நம்பாமல் இருந்திருந்தால் இவளுக்கு நல்லதாம். அவள் ஓட்டிய காரில் நான் தூங்கிக்கொண்டே வந்திருக்கிறேனே, அதுவும் தப்பா? கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு சாலையைப் பார்த்துக்கொண்டே வந்திருக்க வேண்டுமா?

எழுத எழுதக் கோபம் ஏறுகிறது. போதும்.

22 டிசம்பர், வியாழன்

முடிவு வந்துவிட்டது. என் மேல் குற்றமில்லை. ஆர்மெல்லைப் பொறுப்பிலிருந்து நீக்கினார்கள். வேலையையே அவள் ராஜினாமா செய்துவிட்டாளாம். அந்தக் கட்டுரையைக் காட்டி வாங்கிய புதிய ஆய்வுத் திட்டத்தை எங்களிடமிருந்து எடுத்துவிட்டார்கள்.

குற்றமில்லை என்ற காகிதத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. நான் இப்படிப்பட்ட விஷயங்களைச் சொல்கிற ஆள் ஒருத்திதான்.

9 ஜனவரி 2017, திங்கள்

பென்கலெத் குடுவைகளை — அப்படிப் பெயர் எழுதியவற்றை — யாரும் தொடவில்லை. திங்கட்கிழமைச் சொட்டு நின்ற பிறகு ஒவ்வொன்றாக வெளுத்து, இப்போது எல்லாமே தண்ணீர்தான். ஒன்றாவது தானாகப் பசிக்குப் பழகி எழுந்திருக்குமா என்று காத்திருந்தேன். மனித ஆசை. எழுந்திருக்கவில்லை. நீராவியில் வேகவைத்துக் கொட்டிவிட்டேன்.

17 மார்ச், வெள்ளி

திரும்பப் பெற்ற அறிவிப்பு வெளிவந்தது. ஐந்து வரி. ஆர்மெல் பெயரும் என் பெயரும் அடுத்தடுத்து, எப்போதும்போல.

லிஸ்பனிலிருந்து முன்பின் தெரியாத ஒருவர் எழுதியிருக்கிறார். எங்கள் முடிவை ஒன்றரை வருடம் செய்து பார்த்தாராம், செல்கள் செத்துக்கொண்டே இருந்தனவாம். தனக்குக் கை வரவில்லை என்று ஆராய்ச்சியையே விட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராகிவிட்டாராம். 'என் செல்கள் சரியாகத்தான் செத்திருக்கின்றன என்று இன்று தெரிந்துகொண்டேன்' என்று எழுதியிருக்கிறார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

3 ஏப்ரல், திங்கள்

ரோசென் கீலுக்குப் போகிறாள். வீப்கே எடுத்துக்கொண்டாள், முதலிலிருந்து. புது ஆய்வு: சாப்பாடு நின்ற பிறகு ஒரு செல் எத்தனை வேகத்தில் சவ்வை மாற்றுகிறது, எந்தக் கட்டத்துக்குப் பிறகு மாற்ற முடியாமல் சாகிறது. கேள்வி அவளுடையது. நான் யோசித்திராத கேள்வி, நல்ல கேள்வி.

ரயில் நிலையத்துக்குக் கொண்டுபோய் விட்டேன். பெட்டியை ஏற்றும்போது, "எழுதுங்க மதாம்," என்றாள். மன்னித்துவிட்டாள் என்று அர்த்தமில்லை. எழுதச் சொன்னாள், அவ்வளவுதான்.

11 மே, வியாழன்

ஆராய்ச்சிப் படகில் பிஸ்கே வளைகுடா தாண்டிப் போய் நீர் எடுத்து வந்தோம். புதிதாக மூன்று வரிசை தொடங்கியிருக்கிறேன். இனி எத்தனை வருடமோ.

இப்போது என் அறையில் யார் எதைச் செய்தாலும் நான் மறுபடி அளக்கிறேன். புதிதாக வந்த தொழில்நுட்ப உதவியாளருக்கு அது பிடிக்கவில்லை. நேற்று நான் அளந்து முடிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் சொன்ன எண்ணேதான் வந்தது. நன்றி சொன்னேன், அவர் கருவியை மூடிவிட்டுப் போனார். முன்பு நான் இப்படி இல்லை.

20 ஜூன், செவ்வாய்

மதியம் தொலைபேசி. தெற்குக் கரையில் சிப்பிக் குஞ்சு பொரிக்கும் பண்ணை வைத்திருக்கும் ஓர் அம்மாள், கெருவெல் என்று பெயர். குரலைக் கேட்டால் தோள்வரை தண்ணீரில் நிற்கிறவர் மாதிரி, அவ்வளவு சத்தம். சிப்பிக் குஞ்சுகளுக்குத் தீனியாகப் பாசி வளர்க்க ஆள் தேடுகிறாராம். ஆர்மெல் விண்ணப்பித்திருக்கிறாள். முன்பு எங்கே வேலை, ஏன் விட்டாள் என்பதையெல்லாம் அவளே சொல்லிவிட்டாளாம். விசாரிக்க வேண்டுமென்றால் சோவாசிக்கைக் கேளுங்கள் என்று என் எண்ணைக் கொடுத்தவளும் அவளே.

ஜன்னலுக்கு வெளியே நீர் வற்றி, படகுகள் சேற்றில் சாய்ந்து கிடந்தன.

"கேக்குதா மதாம்? அவங்களுக்கு வேல தெரியுமா தெரியாதா?"

தெரியும் என்றேன். பாசி வளர்ப்பதில் அவளைப்போல ஒருத்தியை நான் பார்த்ததில்லை, உங்கள் தொட்டிகள் வருடம் முழுக்கப் பச்சையாக இருக்கும் என்றேன். எல்லாம் உண்மை.

"நம்பலாமா?"

இதற்கான பதிலை நான் எட்டு மாதமாக மனதில் பேசிப் பேசிப் பார்த்திருக்கிறேன். நல்ல நல்ல வாக்கியங்கள் வைத்திருந்தேன். அதில் ஒன்றையும் சொல்லவில்லை.

"உங்களுக்கு உடம்பு முடியாமப் போனா கூட வந்து நிப்பா," என்றேன். "ராப்பகல் பாக்க மாட்டா. ஆனா தொட்டி எப்படி இருக்குன்னு அவகிட்டக் கேக்காதீங்க. நீங்களே போய்ப் பாத்துக்குங்க."

எப்படியும் தினமும் காலையில் தானேதான் தொட்டிகளைச் சுற்றிப் பார்ப்பது வழக்கம் என்றார். அப்படியானால் பிரச்சினை இல்லை என்றேன். சிப்பிகளின் விலை, வெயில், இதெல்லாம் பேசிவிட்டு வைத்துவிட்டார்.

எடுத்துக்கொள்வார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

பிறகு புது வரிசைகளைப் பார்க்கப் போனேன். ஒன்று வெளுத்திருக்கிறது. மற்ற இரண்டும் மங்கலாக, மெதுவாக, பசியோடு வளர்கின்றன. உதவியாளர் காலையில் எழுதி வைத்த எண்ணைப் பார்த்தேன். கருவியைப் போட்டேன். பிறகு அளக்காமலே அணைத்துவிட்டு, அவர் எண்ணையே எழுதிக்கொண்டேன்.